கோட்டிலிருந்து

மழைக்கு ரிக் வண்டிகளெல்லாம் ஊர் திரும்பிவிட்டன.
சங்ககிரி ரோட்டோரம்
கோபுரத்தைப் படுக்கப் போட்ட மாதிரி
வரிசையாக நிற்கின்றன.
அப்பாவும் வந்துவிட்டார்.
நானும் வந்திருக்கிறேன், பத்து நாள் லீவில்.
உள்ளதைச் சொன்னால்
இரண்டு பேருக்கும் இப்போது வேலை இல்லை.

அம்மா குடத்தோடு குழாய்க்குப் போகிறாள்.
ஒன்பதாம் நாள் தண்ணீர்.
ஆண்ட்வெர்ப்பில் நான் பார்த்ததை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை:
ஆடப்போகிற தரைக்கு
ஆறு பீரங்கி வைத்துத் தண்ணீர் அடித்தார்கள்.
நீலத் தரை. ஒன்றும் முளைக்காது.
பந்து வழுக்கி ஓட வேண்டும், அதற்காக.
தேசிய கீதத்துக்கு நிற்கும்போது
எத்தனை லாரித் தண்ணி இருக்கும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டு? இரண்டரை?
ஷூவுக்குள் சாக்ஸ் நனைந்திருந்தது.

நான் ஆடிப் பழகியது சரளையில்.
பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று
திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமிக்கே தெரியாது,
பாதிப் பாதியாக நின்று இரண்டு பக்கமும் பார்த்தாலும்.

முதுகில் அப்பா பேரை அச்சடித்திருந்தார்கள்.
இனிஷியலை நீட்டச் சொன்னது பாஸ்போர்ட் ஆபீஸ்.
அர்த்தநாரி, அர்த்தநாரி என்று
மைக்கில் ஒருத்தர் தடுக்கித் தடுக்கிக் கூப்பிட்டார்.
பேருக்குச் சொந்தக்காரர் அந்நேரம்
ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம்
அறுநூறாவது அடியில் ராடு மாட்டிக்கொண்டு
புழுதியில் வெள்ளையாக நின்றிருந்தார்.

பதினோரு நிமிடம் ஆடினேன்.
பெனால்டி கார்னருக்குப் பந்தைத் தள்ளிவிடுவது என் வேலை.
கோட்டில் குனிந்து
பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து விடுவேன்.
வட்டத்து விளிம்பில் பிரமிளா குஜூர் நிறுத்துவாள்.
ஹர்லீன் அடிப்பாள்.
விழுந்தால் பலகையில் ஹர்லீன்.
விழாவிட்டால் தள்ளியது யார் என்று தேடுவார்கள்.

ஒரே ஒரு கார்னர்தான் கிடைத்தது.
ஒரு அடி விலகிப் போய்விட்டது.
பிரமிளா முழு உடம்பையும் நீட்டினாள்.
மட்டை நுனியில் பட்டு எகிறிய பந்தை
பெல்ஜியத்துக்காரி ஒருத்தி
தன் வீட்டுச் சாமான் மாதிரி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்த மூன்று ஆட்டமும் பெஞ்ச்.
ஐஸ் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு
பிரமிளா இந்தியில் ஏதோ சொன்னாள்.
திட்டினாளா, தேற்றினாளா,
இன்றைக்கு வரை கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி அப்பா போன்.
எங்கள் வீட்டில் எதை விசாரித்தாலும்
ஒரே விதமாகத்தான் விசாரிப்போம்:
“பொகையா, தண்ணியா?”
“பொகைதானுங்கப்பா.”
“செரி. சாப்புட்டியா?”

அந்தப் பதினோரு நிமிடத்தை
வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு
இப்போது நாற்பதாவது தடவை பார்க்கிறார்.
“உன்ற கோட்டுல இருந்து
அந்தப் புள்ள நிக்கறதுக்கு எத்தன அடி கண்ணு?”
ஐம்பது இருக்கும் என்றேன்.
“அட, அம்பதடிக்கு
நாங்க கேசிங்கே எறக்கி முடிக்க மாட்டம்.”
சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை இருபத்துநான்கு பேர் பட்டியல் வருகிறது.

சாயந்திரம் பட்டறைத் தரையில்
சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன்.
ஐம்பதடி தள்ளி, இரண்டு கேசிங் துண்டு,
நடுவில் ஒரு அடி.
முப்பத்தேழு தடவை தள்ளினேன்.
பத்தொன்பது உள்ளே போனது.
மிச்சமெல்லாம் டங், டங் என்று
தெருவுக்கே கேட்டது.
எதிர் டீக்கடையில்
எண்ணிக்கொண்டிருந்தார்கள் போல,
ஒருத்தர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் தூறல் போட்டது.
சிமெண்ட் கறுத்தது.
பந்து சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது.
இதற்கு யாரும் பீரங்கி வைக்கவில்லை,
யாருடைய குடத்திலிருந்தும் எடுக்கவில்லை.

வெல்டிங் பையன் வந்து
கேசிங் துண்டைத் திரும்பக் கேட்டான்.
இன்னும் மூணே மூணு என்றேன்.
கோடு கரைந்துகொண்டிருந்தது.
பரவாயில்லை.
எங்கே இருந்தது என்று
என் இடது காலுக்குத் தெரியும்.